முடிவு தெரியாத நாட்கள்

பயாப்சிக்குச் சதை எடுத்த நாளிலிருந்து முடிவு கைக்கு வரும்வரை ஒருவரை ஆட்டும் பயம், புற்றுநோய் உறுதியான பிறகு வரும் பயம் அல்ல. பின்னதற்கு எதிரே ஒரு நோய் நிற்கிறது. அதற்குப் பெயரும் நிலையும் சிகிச்சைத் திட்டமும் உண்டு. காத்திருக்கும் நாட்களில் பயப்பட எதுவும் கண்ணெதிரே இல்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டியிருக்கிறது. காலையில் ‘சாதாரணக் கட்டிதான்’ என்று தேறும் மனம், இரவில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போடுகிறது. நோய் உறுதியாகிச் சிகிச்சையும் முடித்தவர்கள் பலர், அந்தக் காத்திருந்த நாட்களே எல்லாவற்றிலும் கொடுமையானவை என்று பின்னால் சொல்வதுண்டு.

இது கோழைத்தனம் அல்ல, உடலின் இயல்பு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 45 பேர் கணினியில் ஒரு விளையாட்டு ஆடினார்கள். பாறைகளைப் புரட்ட வேண்டும். அடியில் பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின்னதிர்ச்சி விழும். அதிர்ச்சி விழப்போவது நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, விழலாம் விழாமலும் போகலாம் என்று சரிபாதி வாய்ப்பு இருந்தபோதே பதற்றம் உச்சத்தில் இருந்தது. வியர்வையும் கண்மணியின் விரிவும் அதைக் காட்டின. 2009-இல் வெளியான இன்னோர் ஆய்வு, மார்பகப் பயாப்சி செய்துகொண்ட 126 பெண்களின் உமிழ்நீரில், மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசாலை அளந்தது. முடிவு தெரியாமல் இருந்த பெண்களின் கார்டிசால் போக்கு, புற்றுநோய் என்று தெரிந்துவிட்ட பெண்களுடையதையே ஒத்திருந்தது. கெடுதல் இல்லை என்று அறிந்தவர்களுடையது வேறாக இருந்தது.

ஆகவே, பயம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது நோயைப் பற்றி எதையும் தெரிவிப்பதில்லை. இந்த நாட்களில் இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை. ஏனென்றால், ‘எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ சொல்லுது’ என்று தம் பயத்தையே சாட்சியாக எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். கனவில் வந்தது, பல்லி சொன்னது, பரிசோதனைக்கூட ஊழியர் முகம் கொடுத்துப் பேசாதது எல்லாம் அந்தச் சாட்சியத்தோடு சேர்ந்துகொள்கின்றன. உடலும் தன் பங்குக்குக் குழப்புகிறது. கை தானாகவே கட்டியைத் தேடிப் போய் அழுத்திப் பார்க்கிறது. அழுத்த அழுத்த அந்த இடம் வலிக்கிறது. வலி வந்ததும் ‘முன்னே வலிக்கவில்லையே’ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஊசி பட்ட இடத்தில் இரத்தம் கட்டிக் கன்றிப் போவதும் சில நாட்கள் வீங்கியிருப்பதும் வழக்கம்தான். அதைக் கட்டி பெரிதாகிவிட்டதாக எண்ணிக் கலங்குபவர்கள் உண்டு. ஊசி போடும்போதே மருத்துவரோ செவிலியரோ இதை ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் அந்தக் கலக்கத்துக்கே இடமிருக்காது.

‘ஏன் இத்தனை நாள்? மோசமாக இருப்பதால்தான் இழுக்கிறார்களோ?’ என்பது அடுத்த கேள்வி. தாமதம் பெரும்பாலும் வேலையின் தன்மையால் வருவது. எடுத்த சதைத் துணுக்கை முதலில் பார்மலினில் ஊற வைக்கிறார்கள். மார்பகத் திசு என்றால் குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் ஊறலாம். அவசரப்பட்டால் பிற்பாடு செய்யும் ஹார்மோன் ஏற்பிச் சோதனைகள் கெட்டுப்போகும். பிறகு ஆல்கஹாலில் நீரை வெளியேற்றி, சைலீனில் தெளியவைத்து, உருகிய பாரபின் மெழுகில் பதித்துக் கட்டியாக்குகிறார்கள். அந்த மெழுகுக் கட்டியிலிருந்து 3 முதல் 5 மைக்ரான் பருமனுள்ள, அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் மூன்று முதல் ஐந்து பங்கே உள்ள, சீவல்களை எடுத்துக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயமேற்றுகிறார்கள். உயிரணுக்களின் உட்கரு நீலமும் ஊதாவுமாகத் தெரியும். சுற்றியுள்ளவை இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்குப் பிறகுதான் நோய்க்கூறியல் மருத்துவர் நுண்ணோக்கியில் கண் வைக்கிறார். ஐயம் வந்தால் ஆழமாகச் சீவச் சொல்வார், சிறப்புச் சாயம் கேட்பார், இன்னொரு மருத்துவரிடம் காட்டுவார். நல்ல முடிவைச் சொல்வதற்கும் இத்தனையும் தேவைப்படலாம். எத்தனை நாளில் முடிவு வரும், யார் கூப்பிடுவார்கள், வராவிட்டால் எந்த எண்ணில் கேட்பது என்று சதை எடுக்கும் அன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தேதி தெரியாத காத்திருப்பு தேதி தெரிந்த காத்திருப்பைவிடக் கடினமானது.

காத்திருக்கும் நாட்களுக்குள் நோய் பரவிவிடுமோ என்ற அச்சமும் இதோடு வரும். மார்பகம் போன்ற உறுப்புகளின் கட்டிகள் பல மாதங்களாக, பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில், வளர்ந்தே கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வருகின்றன. ஒரு வாரம் பத்து நாளில் சிகிச்சையின் போக்கு மாறுவது அரிது. கடுமையான இரத்தப் புற்றுநோய் போல நாட்கள் முக்கியமான நோய்கள் உண்டு. அவற்றில் மருத்துவர்களே காக்க வைக்க மாட்டார்கள். ‘ஊசி குத்தினால், கத்தி வைத்தால் பரவிவிடும்’ என்ற பேச்சு தமிழ்நாட்டில் இன்னும் தெருத்தெருவாக உலவுகிறது. ஊசி சென்ற வழியில் நோய் பரவுவது மிக அரிதாகவே நேர்கிறது. அந்த வாய்ப்பு உள்ள உறுப்புகளில் அதை மனத்தில் வைத்தே வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தப் பேச்சை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, நோய் முற்றியபின் வந்து நிற்பவர்களை நினைத்தால் மனம் பொறுப்பதில்லை.

ஸ்கேன் அறிக்கையைத் தானே படித்துப் பயப்படுவது தனிக்கதை. மேமோகிராம் தாளின் அடியில் ‘பைராட்ஸ் 4’ என்று இருக்கும். அதை நான்காம் நிலைப் புற்றுநோய் என்று எடுத்துக்கொண்டு, அன்றிரவு சமைக்காமல் உட்கார்ந்திருக்கும் வீடுகள் உண்டு. பைராட்ஸ் என்பது நோயின் நிலை அல்ல. படத்தில் தெரிவது எந்த அளவு ஐயத்துக்குரியது என்பதன் வகை. 4 என்றால் பயாப்சி செய்து பார்க்க வேண்டும் என்று பொருள். புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு அதில் 2 சதவீதத்திலிருந்து 95 சதவீதம் வரை விரிகிறது. அதன் முதல் உட்பிரிவான ‘ஏ’யில் 10 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. 0 என்றால் ஒன்றுமில்லை என்று பொருளல்ல, இன்னொரு படம் தேவை என்று பொருள். இந்த எண்களோடு நள்ளிரவில் கைபேசியில் தேட உட்கார்ந்தால் கண்ணில் படுவதெல்லாம் மோசமான கதைகளாகவே இருக்கும். ஐயங்களைத் தாளில் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோவதே நல்லது.

வீட்டார் செய்யும் தவறு ஒன்று உண்டு, அன்பினால்தான் செய்கிறார்கள். ‘உனக்கு ஒண்ணும் இருக்காதும்மா, சாமி பாத்துக்கும்’ என்று முதல் வாக்கியத்திலேயே பேச்சை முடித்துவிடுவது. பயந்தவர் அதன்பின் வாய் திறக்க முடியாது. வீட்டாரின் நிம்மதிக்காகத் தானும் சிரித்து நடிக்க வேண்டும். ‘என்ன நெனச்சுப் பயப்படறே, சொல்லு’ என்று கேட்டுவிட்டு, வருவதை மறுக்காமல் கேட்டிருப்பவர் ஒருவர் போதும். சொந்தங்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் சாவைச் சுமந்துகொண்டு வருவார்கள். இன்னொன்றையும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்: முடிவை முதலில் யார் கேட்பது? ‘அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்’ என்று மகனோ கணவரோ தனியே கெஞ்சுவது நம் மருத்துவமனைகளில் அன்றாடக் காட்சி. உடல் யாருடையதோ அவருடைய விருப்பம்தான் அங்கே முதலில் வர வேண்டும்.

மனத்தை எதில் செலுத்துவது என்பதற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் உளவியலாளர் கேட் ஸ்வீனி செய்த ஆய்வுகள் ஓரளவு வழி காட்டுகின்றன. வழக்கறிஞர் தேர்வு எழுதி நான்கு மாதம் முடிவுக்குக் காத்திருந்த பட்டதாரிகளை அவர் தொடர்ந்து கவனித்தார். கவலையை அடக்க அவர்கள் கையாண்ட உத்திகள் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. கவலைப்பட்டே காத்திருந்தவர்கள் கெட்ட முடிவைத் தாங்குவதில் மற்றவர்களைவிட மேலாக இருந்தார்கள். தேர்வும் கட்டியும் ஒன்றல்ல. ஆனாலும், தைரியமாக இருக்க முடியவில்லையே என்று தம்மைத் தாமே நொந்துகொள்வது தேவையற்ற இரண்டாவது சுமை என்பது இதிலிருந்து தெரிகிறது. நேரம் போவது தெரியாமல் ஆழ்ந்துவிடும் வேலை காத்திருப்பை எளிதாக்குகிறது என்பதையும் அவருடைய ஆய்வுகள் காட்டின. தொலைக்காட்சி அந்த வேலையைச் செய்வதில்லை. அது ஓடும், மனம் கட்டியிலேயே நிற்கும். புள்ளி பிசகாத பெரிய கோலம், அளவெடுத்து வெட்டும் தையல், வரவு செலவுக் கணக்கு என்று கையும் கருத்தும் சேர்ந்து கேட்கும் வேலையே பிடித்து வைக்கிறது. காப்பீட்டு அட்டையைத் தேடி எடுப்பது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது, பழைய ஸ்கேன் தாள்களைத் தேதிவாரியாக அடுக்குவது ஆகியவையும் அப்படிப்பட்டவை. பணத்தைப் பற்றிய கவலை இந்தப் பயத்தில் பெரும்பங்கு. அதை மட்டுமாவது இந்த நாட்களில் விசாரித்துத் தெளிவாக்கிவிடலாம். தொடர்ந்து தூக்கம் வராவிட்டால் மருத்துவரிடம் சொல்லிக் குறுகிய காலத்துக்கு மருந்து கேட்பதில் வெட்கப்பட ஏதுமில்லை.

முடிவு வாங்கப் போகும்போது கூட ஒருவர் இருப்பது அவசியம். கெட்ட செய்தியின் முதல் வாக்கியத்துக்குப் பிறகு வருவது பலருக்குக் காதில் விழுவதில்லை. கூட வந்தவர் எழுதிக்கொள்ளலாம். அன்றும் தெளிவான விடை வராமல் போகலாம். உயிரணுக்கள் இயல்பாக இல்லை என்று மட்டும் சொல்லும் அறிக்கைகளும், திசு போதவில்லை, மீண்டும் எடுக்க வேண்டும் என்பவையும் உண்டு. படத்தில் தெரிவதும் பயாப்சி சொல்வதும் பொருந்தாதபோது, நல்ல முடிவு வந்திருந்தாலும் மருத்துவர் மறுபடி சோதிக்கச் சொல்வார். அது முறையான எச்சரிக்கை. ஐயம் தீராவிட்டால், ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி வேறொரு மையத்தில் காட்டலாம். திசுவை மறுபடி எடுக்காமலே இன்னொரு நோய்க்கூறியல் மருத்துவர் அவற்றைப் பார்த்துத் தம் கருத்தைச் சொல்ல முடியும்.