திரை முழுதும் விலகிற்றா?

மேடையிலே நிற்கிறாள் புகழ்பெற்ற நடிகை லினா. வாய் அசைகிறது, பாட்டு அவளுடையதன்று. பின்திரைக்கு அப்பால் ஒலிவாங்கியின் முன் நின்று பாடுகிறாள் கேத்தி என்னும் ஏழை நங்கை. திடீரெனத் திரை உயர்கிறது. பொய் அம்பலமாகிறது, அவையோ சிரிப்பால் அதிர்கிறது.

1952-இல் வந்த ‘சிங்கின் இன் தி ரெயின்’ என்ற அமெரிக்க நகைச்சுவை இசைப்படத்தின் முடிவு இது. ஊமைப்படம் பேசும்படமாக மாறிய 1927-ஆம் ஆண்டே கதையின் காலம்.

வாய்மை வென்றது என்று மகிழ்கிறோம். வென்றது முழுதுமா, தோழர்களே?

கயிற்றை இழுத்தவர்கள் மூவர்: நாயகன் டான், அவன் நண்பன், மூன்றாமவர் படமுதலாளி! லினாவின் கீச்சுக்குரலை ஊரறியாமல் மறைத்து, அவள் முகத்தை விற்றுப் பொருள் குவித்தவர் அவரன்றோ? லினா மிரட்டியபோது கேத்தியின் பெயரை மறைக்க இசைந்தவரும் அவரே. கேத்தியிடமேனும் திட்டத்தைச் சொன்னார்களா? இல்லை. ஒப்பந்தத்தைக் காட்டிப் பாடச் சொன்னார்கள். உள்ளம் உடைந்து பாடினாள்.

இன்னொரு திரையும் உண்டு. கேத்தியாக நடித்தவர் டெபி ரெய்னால்ட்ஸ். லினாவுக்காகக் கேத்தி பாடுவதாகக் காட்டும் காதற்பாடலை உண்மையில் பாடியவரோ பெட்டி நோயஸ். படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை! திருடப்பட்ட குரலுக்காக வாதாடிய படமே, தனக்குக் குரல் தந்தவரை மறைத்தது.

ஒருவருக்காக ஒருவர் பாடுவது குற்றமன்று. கலை பலர் கூடிச் செய்யும் உழைப்பு. உழைத்தவர் பெயரை ஒளிப்பதே குற்றம்.

கேத்தியின் பெயரை அவையறியச் சொல்ல ஒரு காதலன் இருந்தான். பெட்டி நோயசுக்கு யார் இருந்தார்? ஒருவர் நம்மை விரும்பினால் கிடைக்கும், விரும்பாவிட்டால் கிடைக்காது எனில், அதற்குப் பெயர் நீதியா? அது சலுகை. சலுகை ஆளைப் பார்க்கும். நீதி செயலைப் பார்க்கும்.

பிறரைக் குறைகூறி நான் தப்பிவிட இயலாது. சென்ற ஆண்டு பள்ளி விழாவில், நாடகத்துக்காகத் திரைமறைவில் இருந்து பாடிய மாணவியின் பெயரை வாசிக்க மறந்தேன். அவள் கேட்கவில்லை. கேளாமல் நின்ற அந்த முகம் இன்றும் என்னைச் சுடுகிறது. அவள் கேட்டிருக்க வேண்டும் என்பதன்று. கேட்க வேண்டிய நிலையே அவளுக்கு வந்திருக்கக் கூடாது.

இவ்வாண்டு விழா நிரலில் முதலில் எழுதியது, திரைக்குப் பின்னே நிற்போர் பெயர்களைத்தான்.