குற்றவாளி இல்லாத குற்றம்

கண்டி வாவியின் கரையில் நிற்போர் அதன் அழகினை வியவாதிருப்பதில்லை. கண்டியின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் வயல்நிலத்தை மறித்து அமைத்த நீர்நிலை அது. ஆனால், அவ்வாவியினின்று வழியும் நீர் எங்கே செல்கின்றது என வினவுவோர் சிலரே. மெத எல என்னும் கால்வாயாக நகரினூடே ஓடி, வீடுகளும் கடைகளும் கழிக்கும் நீரையெல்லாம் ஏற்று, அது மகாவலியிற் கலக்கின்றது. மகாவலியின் நீரில் ஒரு பகுதி 1976 முதல் பொல்கொல்லையில் திருப்பப்பட்டு, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கவழியே உக்குவளைக்குச் சென்று, பின்னர் உலர்வலய வயல்களை அடைகின்றது. ஆகவே, கண்டியில் ஒருவர் கழுவி ஊற்றும் நீர், அவர் முகமறியாத உழவனின் வரப்புவரை செல்லக்கூடியது.

இங்கு ஓர் அறவியல் வினா எழுகின்றது. ஒரு வாளி நீரால் ஆறு கெடுவதில்லை. ஆயிரமாயிரம் வாளிகளால் கெடுகின்றது. தனித்தனியே எவரும் குற்றவாளியல்லர். எனினும் குற்றம் நிகழ்ந்துவிடுகின்றது. இதற்குப் பொறுப்பாளி யார்?

எல்லோரும் இவ்வாறே செய்யின் என்னாகும் எனத் தன்னையே வினவுக என்பார் காந்த். சிறந்த அறிவுரைதான். ஆயினும், செய்ய இயலாததைக் கடமையென விதித்தல் தகாது. கழிவுநீர்க் குழாய் எட்டாத கால்வாயோரக் குடிலில் வாழ்பவனுக்கு வேறு வழியாது? அவனைப் பழிப்பது எளிது, நீதியன்று.

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம், 1988 இல் திருத்தப்பட்டபோது, கழிவை வெளியேற்றும் தொழில்களுக்கு உரிமம் வேண்டுமென விதித்தது. ஆலையொன்றை அவ்வுரிமம் கட்டுப்படுத்தும். எண்ணிறந்த சமையலறைகளை எவ்வாறு கட்டுப்படுத்தும்? கன்னொறுவையில் யப்பானியக் கடனுதவியுடன் அமைந்த கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமே இவ்வினாவுக்கு ஏற்ற விடையின் தொடக்கமாகும். தனிமனிதனின் மனச்சான்று தனித்து நின்று செய்யவியலாததைப் பொதுப்பணம் செய்கின்றது.

எனவே, நீரைக் காக்கும் கொள்கை முதலில் வழியமைத்தல் வேண்டும். தடைவிதித்தல் அதன் பின்னரே தகும். வழியமைந்தபின்னும் ஆற்றைக் கெடுப்பவன் குற்றவாளியே. வழியமையுமுன் அவனைத் தண்டிப்பின், குற்றவாளி அரசும், அவ்வரசைக் கேள்வி கேளாத கற்றோராகிய நாமுமே.

பேராதனையில் நாளும் மகாவலியைக் கண்டு செல்லும் நாம், அதன் வனப்பை மட்டும் கண்டு அமைதல் போதாது. கண்ணுக்கினிய வாவியைப் பேணுவது அழகுணர்ச்சி. கண்ணில் படாத கால்வாயையும் பேணுவதே அறம்.