விளைவாசல் கடையும் சமணரின் கேள்வியும்

மண்ணைக் கிளறாமல் சருகால் மூடாக்கிட்டு அதன் உயிர்ப்பை மீட்கும் முறைக்கு மீளுருவாக்க வேளாண்மை என்று பெயர். கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் தமிழக எல்லையோரச் சிற்றூர்களில், தென்னையும் மரச்சீனி எனப்படும் மரவள்ளியும் ஏத்தன் வாழையும் கலந்து நிற்கும் விளையில் (வீட்டையொட்டிய தோட்டத்தை இவ்வட்டாரத் தமிழர் அவ்வாறு அழைப்பர்) ஒரு குடும்பம் இம்முறையில் பயிரிட்டு, விளைந்ததை வாசலிலேயே விற்குமானால், அங்கு வாங்க வருபவர் விலையோடு மற்றொன்றையும் எண்ண வேண்டியவராகிறார்: உணவு விளையும்போது மடியும் உயிர்களுக்குப் பொறுப்பு யாருடையது?

எல்லைக்கு அப்பால், மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் குன்றில் தீர்த்தங்கரர் உருவங்களைப் பாறையில் செதுக்கிய சமணர், இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பிய மரபினர். இரும்பு முனைக் கலப்பை நிலத்தையும் அதில் வாழும் உயிர்களையும் காயப்படுத்துகிறது என்று மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயமும் உழவைக் குறைகூறுகிறது; ஆனால் சமணரோ, முதல் தீர்த்தங்கரரான ரிஷபரே மக்களுக்கு உழவைக் கற்பித்தார் என நம்பியதால், அதனை முற்றாக விலக்க இயலாது, வேண்டுமென்றே செய்யும் கொலையைத் தொழிலில் தவிர்க்கவியலாது நேரும் கொலையிலிருந்து பிரித்து, முன்னதை மட்டுமே இல்லறத்தாருக்கு முழுதாக விலக்கினர்.

இப்பகுப்பின்படி நோக்கினால், உழாமை மட்டுமே அறமாகிவிடாது. அமெரிக்கப் பெருநிலங்களில் உழவைக் கைவிட்ட பலர் களைக்கொல்லியை நம்பியிருப்பது, தவிர்க்கவியலாத தீங்கைக் குறைத்து வேண்டுமென்றே செய்யும் தீங்கைக் கூட்டுவதாகும்; கேரள அரசு 2019இல் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியின் விற்பனையைத் தடைசெய்தபோது இவ்வழி இங்கு ஓரளவு அடைபட்டது எனலாம். மறுபுறம், மரச்சீனியைப் பிடுங்கும்போது மேடு பிளந்து மண்புழு அறுபடுவதை எந்த மூடாக்கும் தடுப்பதில்லை. செம்புறைக்கல் மண்ணின் சரிவில், இரு பருவமழைகளும் மேல்மண்ணை அடித்துச் செல்லாமல் காப்பதே மூடாக்கின் பெரும்பயன்.

தீவினை செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவழியிலும் சேரும் என்பது சமணர் கொள்கை. தொலைதூரச் சந்தையில் வாங்குபவர் எதற்கு உடன்படுகிறோம் என்று அறியாதிருக்கலாம். விளைவாசலில் நிற்பவர் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. புழுத்துளை உள்ள கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டு மினுமினுப்பானதையே ஒவ்வொரு வாரமும் பொறுக்குபவர், விற்காமல் மிஞ்சிய கூடையைப் பார்க்கும் உழவரிடம் மருந்தடிக்கச் சொல்லாமலே சொல்கிறார். அப்போது அவர் செயல் உடன்படுதலோடு நில்லாமல் செய்வித்தலாகவும் ஆகிவிடுகிறது.