செம்பும் களிம்பும்: கல்லின் பெறுமதி பற்றிய ஒரு வினா

நிலத்தடியில் கந்தகத்தோடு பிணைந்து கிடக்கும் நிக்கல், செம்புப் பாறையைத் 'தாது' என்று அழைக்க அதில் உலோகம் இருந்தால் மட்டும் போதாது. அகழ்ந்து, அரைத்து, உருக்கி, ஏற்றியனுப்பும் செலவெல்லாம் போக இலாபமும் எஞ்சவேண்டும். அவ்வாறு எஞ்சுவதற்கு வேண்டிய மிகக் குறைந்த உலோக அளவே எல்லைத் தரம் எனப்படும். சந்தை விலை ஏறினால் அவ்வெல்லை தாழ்ந்து வெறுங்கல்லும் தாதுவாகும். விலை விழுந்தால் தாதுவும் வெறுங்கல்லாகும். கல்லிலோ ஓர் அணுவும் மாறுவதில்லை. ஆகவே பெறுமதி கல்லில் உள்ளதா, அதை வேண்டுவோரிடத்தில் உள்ளதா என்பது பொருளியல் மட்டும் விடைதரக்கூடிய வினா அன்று.

செம்பைப்போலத் தோன்றியும் செம்பு தராத கல்லை ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர் பேயின் பெயரிட்டுப் பழித்தனர். 1751இல் சுவீடனின் குரோன்ஸ்டெட் புதிய உலோகத்தைப் பிரித்தெடுத்தபின் அந்த வசைச்சொல்லே நிக்கல் என நிலைபெற்றது. கனடாவின் சட்பரியில் 1883இல் புகையிரதப் பாதை அமைக்கையில் வெளிப்பட்ட தாதுவையும் முதலில் செம்புக்காகவே நாடினர். அதிலிருந்த நிக்கல், போர்க்கப்பற் கவசத்துக்கு நிக்கல் கலந்த உருக்கு வேண்டப்பட்டபின்னரே செல்வமாயிற்று. தாதுவைத் திறந்தவெளியில் குவித்து எரித்தபோது எழுந்த கந்தகப் புகையால் அழிந்த மரங்களை அன்றைய இலாபக் கணக்கு எண்ணவில்லை.

பெறுமதி எங்குள்ளது என்னும் வினாவுக்குச் சைவசித்தாந்தம் துணைசெய்கிறது. உயிரோடு ஆணவம் கூடியிருப்பதற்குச் செம்பில் களிம்பையே அது உவமை காட்டும். புளியிட்டுத் தேய்த்த செம்பு காலையில் ஒளிவிட்டாலும் சில நாளில் மீண்டும் கறுத்துப் பச்சை பூக்கும். செம்பைப் பொன்னாக்கும் இரசகுளிகையின் தீண்டல்போல் அருள் வந்தாலன்றி அக்களிம்பு நீங்காது என்பது அதன் கருத்து. எனினும் உலகம் பொய்யென்று அது கூறவில்லை. மாயையினின்று தோன்றும் உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளும் உயிர் பக்குவமடையவே தரப்பட்டன என்கிறது. எனவே தாதுவை அகழ்வது குற்றமன்று. 'எனது' என்னும் முனைப்பைக் கல்லின் இயல்பாகக் கருதுவதே குற்றம்.

நயினாதீவே எனப் பலர் கருதும் மணிபல்லவத்தில், நாக மன்னர் இருவர் மணிப்பீடத்துக்காகப் பொருததையும், புத்தர் அதில் அமர்ந்து அறமுரைத்துப் பகை தீர்த்ததையும் மணிமேகலை கூறும். பீடத்தின் மணிகள் போருக்கு முன்னும் பின்னும் அவையேதான். மாறியது அவற்றை நோக்கிய மனமே.

கல்லை நோக்கும் மனம்பற்றிய இவ்வினா இலங்கை நிலத்திலும் எழுகிறது. திருகோணமலை மாவட்டத்தின் சேருவிலவில் 1971இல் செம்பும் காந்த இரும்பும் சேர்ந்த தாது கண்டறியப்பட்டது. நயினாதீவு உட்பட ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு வரையுள்ள தீவுகளின் அடித்தளமோ சுண்ணக்கல். நிக்கல் தாதுவை உருவாக்கும் ஆழத்து எரிகுழம்புப் பாறை அங்கே மேற்பரப்புக்கு அருகில் இல்லை. ஆயினும் அவற்றை வறிய நிலமென்று தள்ளுவது பிழை. மழைநீர் அக்கல்லின் துளைகளில் இறங்கி, கீழுள்ள உவர்நீரைவிட இலேசானதாகையால் அதன்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது; அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் மேலேறிக் கிணறு கெடும். சுண்ணக்கல்லின் விலையைக் கணிக்கத் துணிவோர், அக்கல் தாங்கிநிற்கும் அந்த நன்னீரை முதலில் கணக்கில் எழுதவேண்டும்.