யாரைப் பார்த்து வாசித்தோம்?

நிகழ்ச்சி முடிந்து விளக்கைப் போட்டபோது முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஐந்து பேருக்கும் தலைகால் புரியவில்லை. பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். அறுபது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் சின்ன அரங்கம். டிக்கெட் வாங்கியவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். அதில் ரெண்டு பேர் அழுதிருக்கிறார்கள். அதுக்கு மேல என்ன வேணும்?

மூன்றாவது வரிசையில் இருந்த பூக்கடை ஆன்ட்டி அழவில்லை. நாற்பது நிமிடமும் திரையில் ஓடியது அவருடைய முகமும் விரல்களும்தான். வெளியே வந்து மைலோ பாக்கெட்டை நீட்டியபோது, வாங்கிக்கொண்டே கேட்டார்: "நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா என்னைய ஏன் அவ்வளவு சோகமாக் காட்டினீங்க?"

"இல்ல ஆன்ட்டி, அது மியூசிக்" என்றேன்.

அது ஏன் தவறான பதில் என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

நாங்கள் செய்தது இதுதான். நானும் இன்னொரு மாணவியும் நான்கு வார இறுதிகளில் லிட்டில் இந்தியா பஃபலோ சாலையில் ஒரு பூக்கடையைப் படம் பிடித்தோம். அதை ஆவணப்படமாகத் தொகுக்கவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட சிறு துண்டுகளாக வெட்டி, ரெசோலூம் என்ற மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான் ஒதுக்கினோம். எதை எப்போது அழுத்துவது, என்ன வேகத்தில் ஓட்டுவது, எத்தனை முறை திருப்பிப் போடுவது எல்லாம் மேடையில்தான் முடிவாகும். இசை மாணவர்கள் மூன்று பேர்: செலோ, கித்தார், மிருதங்கம். அவர்களிடமும் எழுதிவைத்த இசை கிடையாது. திரையைப் பார்த்து அவர்கள் வாசிப்பார்கள். வாசிப்பதைக் கேட்டு நான் பொத்தானை அழுத்துவேன். மௌனப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்களுக்குப் படம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. எங்களுக்கு இரண்டுமே மாறும். அதில்தான் எங்களுக்குப் பெருமை.

அந்தத் துண்டுகளில் ஒன்று 11 விநாடி நீளம். வீட்டுக்காரர் இறந்த பிறகு கடையை எப்படித் தனியாக நடத்தினீர்கள் என்று கேட்டிருந்தோம். ஆன்ட்டியின் கை நின்றது. தலையைத் தூக்கி மேலே பார்த்தார். உதடு லேசாகப் பிரிந்து மூடிக்கொண்டது. பிறகு குனிந்து மறுபடி பூவைக் கட்ட ஆரம்பித்தார்.

அன்று அந்த இடத்தில் செலோ ஒரே சுரத்தைப் பிடித்து இழுத்தது. நான் வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்து நான்கு முறை திருப்பிப் போட்டேன். கித்தார் எதிரொலியாகக் கரைந்தது. மிருதங்கத்தின் இடந்தலையில் ஒரு தட்டு, நீண்ட இடைவெளி, இன்னொரு தட்டு. 11 விநாடி ஏறக்குறைய மூன்று நிமிடமாகிவிட்டது. அழுதவர்கள் அங்கேதான் அழுதார்கள்.

"எது, அந்த மேல பாக்குறதா?" ஆன்ட்டி சிரித்துவிட்டார். "அன்னைக்கு வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சுல்ல? ஜன்னல்ல மூங்கில் கம்புல துணி போட்டுட்டு வந்திருந்தேன். பையன் எடுத்திருப்பானா மாட்டானான்னு யோசிச்சேன்."

அன்றிரவு சாப்பாட்டுக் கடையில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். பிறகு எங்களில் ஒருவர் சொன்னார்: "அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. உள்ள இருக்குறத மறைக்கிறாங்க." மற்ற நான்கு பேரும் தலையாட்டினோம். நானும்தான்.

இந்தச் சம்பவத்தில் எனக்கு மிகவும் கூசுகிற இடம் இதுதான். மேடையில் செய்தது தெரியாமல் செய்தது. இதைத் தெரிந்தே செய்தோம். ஒருவர் தன் மௌனத்துக்கு என்ன காரணம் என்று தன் வாயாலேயே சொன்ன பிறகும், அவரைவிட எங்களுக்கு அது நன்றாகத் தெரியும் என்று முடிவு செய்தோம். துக்கமும் இருந்திருக்கலாம். ஒரே 11 விநாடியில் துணியும் துக்கமும் சேர்ந்து இருக்கக்கூடாதா என்ன? ஆனால் இருந்தது என்று சொல்லும் உரிமை அவருடையது. அவர் சொல்லாததை நாங்கள் சொல்லிவிட்டோம், அதுவும் செலோவில்.

சரி, சோகமாகக் காட்டியது யார்? அடுத்த நாள் இதைப் பேசியபோது செலோ வாசித்தவர் சொன்னார்: "நீ ஸ்லோ பண்ண. அதனால நான் இழுத்தேன்." நான் சொன்னேன்: "நீ இழுத்த. அதனாலதான் ஸ்லோ பண்ணேன்." இருவரும் பொய் சொல்லவில்லை. பதிவைப் போட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். யார் முதலில் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சேர்ந்து செய்யும் கலையின் அழகே இதுதான் என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். 'நான்' கரைந்துபோக வேண்டும், ஒருவர் இன்னொருவரைக் கேட்க வேண்டும். நாங்களும் நன்றாகத்தான் கேட்டோம். ஆனால் 'நான்' கரைந்தபோது கூடவே பொறுப்பும் கரைந்துவிட்டது. அந்த அறையில் ஐந்து பேர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆறாவதாகத் திரையில் இருந்தவர் எங்களுக்குப் பதில் வாசிக்க முடியாதவர்.

மிருதங்கம் வாசித்த நண்பன் இதைக் கச்சேரிக் கணக்கில் வைத்துப் பேசினான். பாடகர் ஆலாபனை செய்யும்போது வயலின் நிழல்போலப் பின்னால் வரும். அவர் நிறுத்திய பிறகுதான் வயலினுக்குத் தன் முறை. மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் உண்டு. அதுவரை பாட்டைத் தாங்குவதுதான் வேலை. யார் முன்னே, யார் பக்கத்தில் என்று மேடையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். "நம்ம கச்சேரியில மெயின் யாருடா?" என்று கேட்டான். ஆன்ட்டி என்று சொல்ல ஆசையாக இருந்தது. உண்மையில் அவர் எங்களுக்குப் பக்கவாத்தியமாகக்கூட இல்லை. நினைத்த நேரத்தில் அழுத்தும் பொத்தானாக இருந்தார்.

திரைப்படம் படித்தவர்களுக்குக் குலெஷோவின் சோதனை தெரியும். ஒரே முகம். சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பசி, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் துயரம். வகுப்பில் இதைத் தொகுப்பின் வலிமை என்று படிக்கிறோம். அந்த முகம் நடிகர் மொஸ்ஸுகினுடையது. முகத்தைக் கொடுப்பது அவர் தொழில். சனிக்கிழமை கடை திறந்து பூ விற்பவரின் முகம் அப்படிப்பட்டதல்ல என்பதை அந்த வகுப்பில் யாரும் பேசவில்லை.

நம் பக்கத்தில் இதற்குப் பழைய சொல் ஒன்று இருக்கிறது: குறிப்பறிதல். திருக்குறளில் இந்தத் தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. ஒன்று பொருட்பாலில், அரசன் முகத்தைப் படிக்கிறவர்களுக்கு. இன்னொன்று காமத்துப்பாலில், காதலியின் பார்வையைப் படிக்கிறவனுக்கு. இரண்டிலும் எனக்கு ஒரே விஷயம் படுகிறது: தவறாகப் படித்தால் விலை கொடுப்பவர் படித்தவர்தான். அமைச்சருக்குப் பதவி போகும், காதலனுக்குக் காதல் போகும். அதனால் அங்கே படிப்பவருக்குப் பயம் இருக்கிறது. அந்தப் பயத்தினால் கவனமும் இருக்கிறது. நாங்கள் தவறாகப் படித்தோம், கைத்தட்டல் கிடைத்தது.

இதே குழப்பத்தில் எங்களைவிடப் பெரியவர்களும் நின்றிருக்கிறார்கள். 1971இல் இங்கிலாந்து இசையமைப்பாளர் காவின் பிரையர்ஸ், லண்டன் தெருக்களில் வாழ்பவர்களைப் பற்றிய ஒரு படத்துக்காக நண்பரோடு வேலை செய்தார். வீடில்லாத முதியவர் ஒருவர் பாடிய பக்திப் பாட்டின் சில வரிகள் அந்தப் பதிவில் இருந்தன. படத்தில் அது பயன்படவில்லை. பிரையர்ஸ் அதை ஒரு வளையமாகச் சுழலவிட்டார். லெஸ்டரில் அவர் பணியாற்றிய கல்லூரியில் ஒலிநாடா ஓடிக்கொண்டிருக்க, கதவைத் திறந்துவைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது பக்கத்து ஓவியக் கூடத்தில் வழக்கமான சத்தம் இல்லை. சிலர் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அந்தக் குரலுக்கு அடியில் மெல்ல மெல்ல வாத்தியங்களைச் சேர்த்து அவர் உருவாக்கிய படைப்பு உலகம் முழுக்கப் போனது. முதியவர் அதைக் கேட்காமலே இறந்துவிட்டார்.

கல்லூரி, படம், இசை, அழுகை என்று எல்லாம் எங்கள் கதையோடு பொருந்துகிறது. ஒன்றைத் தவிர. பிரையர்ஸ் அந்தக் குரலை இழுக்கவில்லை, நீட்டவில்லை. முதியவர் பாடிய வேகத்துக்கு வாத்தியங்கள்தான் இறங்கி வந்தன. ஸ்டீவ் ரைஷ் 1988இல் எழுதிய 'டிஃபரன்ட் டிரெயின்ஸ்' படைப்பிலும் அப்படித்தான். அவரை வளர்த்த பெண், ரயில் ஊழியர் ஒருவர், யூதப் படுகொலையில் தப்பியவர்கள் ஆகியோரின் பேச்சுத் துண்டுகள் ஒலிநாடாவில் வரும். அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தைத் தந்திவாத்தியங்கள் வாசிக்கும். பேச்சு முன்னால் போகிறது, இசை பின்னால் வருகிறது. அந்தத் துண்டுகளைத் தேர்ந்தெடுத்தவரும் திருப்பிப் போட்டவரும் ரைஷ்தான், இல்லையென்று சொல்லவில்லை. அந்த முதியவரிடம் கேட்க முடியாமல் போனதும் சரியாகிவிடவில்லை. ஆனால் யார் யாரைப் பின்தொடர வேண்டும் என்ற கேள்வியை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் கேட்கவே இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. கலை வாக்குமூலம் அல்ல. அழுத அந்த இரண்டு பேரும் ஆன்ட்டிக்காக அழவில்லை. தங்கள் அம்மாவை, பாட்டியை நினைத்து அழுதார்கள். அந்த அழுகை பொய்யில்லை. யாருக்கு என்ன நஷ்டம்?

நானும் கொஞ்ச நாள் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை கடைக்குப் போனேன். "உங்க ஷோ பாத்த பொண்ணு ஒண்ணு வந்துச்சு தம்பி. கையப் புடிச்சுக்கிட்டு, ஸ்ட்ராங்கா இருங்க ஆன்ட்டின்னு சொல்லுச்சு. கண்ணுல தண்ணி. நான் என்னத்த சொல்றது? சரிம்மான்னேன். ரெண்டு முழம் பூ சும்மா குடுத்து அனுப்பினேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வந்த பெண் தேடிவந்தது திரையில் பார்த்தவரை. அவருக்காக ஆன்ட்டி சில நிமிடம் அந்தச் சோகக்காரியாக நடிக்க வேண்டியிருந்தது. நாங்கள் எழுதிய பாத்திரம், சம்பளம் அவர் கைப்பூ.

படம் பிடிக்கும் முன் ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தோம். ஒரு பக்கம், முழுக்க ஆங்கிலம், எந்த வடிவத்திலும் பயன்படுத்தலாம் என்ற பொருளில் ஒரு வரி. சட்டப்படி சரி. ஆனால் மேடையில் என்ன செய்யப்போகிறோம் என்று எங்களுக்கே தெரியாது. தெரியாததுதான் இந்தக் கலையின் அடிப்படை. எங்களுக்கே தெரியாத ஒன்றுக்கு அவர் எப்படிச் சம்மதித்திருக்க முடியும்? ஆகவே நேரடி நிகழ்த்தலில் ஒரே கையெழுத்து போதாது. ஒவ்வொரு முறையும் போய்க் கேட்க வேண்டியிருக்கும். தொல்லைதான்.

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது, கடைசி நிகழ்ச்சி. அந்தத் துண்டு வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறோம் என்று ஆன்ட்டியிடம் சொன்னோம். "எதுக்கு எடுக்கணும், இருக்கட்டும்" என்றார். எப்படி வாசிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை; அது அவர் வேலையும் இல்லை. நாங்களே முடிவு செய்தோம். அந்த 11 விநாடி ஒரே முறை, அசல் வேகத்தில், கடையின் சத்தத்தோடு போகும். யாரும் வாசிக்கக்கூடாது.

அது நன்றாக வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். யாரோ இருமினார்கள், ஒரு நாற்காலி கிரீச்சிட்டது, 11 விநாடி ஒன்றுமே இல்லாதது மாதிரி கடந்துபோனது. முதல் நிகழ்ச்சியையும் பார்த்திருந்த நண்பர் "நடுவுல கொஞ்சம் தொய்வு" என்றார். சரியான விமர்சனம்.

எல்லா மௌனத்தையும் தொடாமல் விட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அப்படியென்றால் யாரும் எதையும் செய்ய முடியாது. நாளைக்கே இன்னொரு முகத்தை மெதுவாக்குவேன். ஆனால் அதற்குரியவர் வந்து ஏன் என்று கேட்டால், என் பதில் 'நான்' என்று தொடங்க வேண்டும். நான்தான் ஸ்லோ பண்ணேன் ஆன்ட்டி, நீங்க வருத்தத்துல இருக்கீங்கன்னு நெனச்சேன், கேட்டிருக்கணும். ஐந்து பேர் சேர்ந்து செய்ததற்கு ஐந்து பேரும் இப்படித் தனித்தனியாகச் சொல்ல முடிய வேண்டும். "அது மியூசிக்" என்ற பதிலில் யாருமே இல்லை.

இரண்டாவது நிகழ்ச்சிக்கு ஆன்ட்டி வரவில்லை. கல்யாண மாலை ஆர்டர். மறுவாரம் போனில் பதிவைக் காட்டினேன். அவர் மேலே பார்க்கும் இடம் வந்தபோது நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தலையாட்டினார். கை பூவைக் கட்டிக்கொண்டே இருந்தது.

"கடைசில அன்னைக்கு மழையே வரல தம்பி" என்றார்.