கைமாறும் பொருளும் கண்டெடுப்பவர் கடமையும்

ஜியோகேச்சிங் என்பது, ஒருவர் மறைத்து வைத்த பெட்டியை அவர் அறிவித்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு மற்றவர்கள் தேடிக் கண்டெடுக்கும் விளையாட்டு. பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நீக்கியதால், இருப்பிடத்தைத் துல்லியமாகக் கண்டறிய முடிந்தது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒரேகான் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியில் சில பொருள்களை மறைத்து வைத்து, இருப்பிடத்தை இணையத்தில் அறிவித்தார். விளையாட்டு அங்கிருந்து பரவியது. 2001இல் 'டிராவல் பக்' என்னும் பயணப் பொருளும் அதில் சேர்ந்தது.

டிராவல் பக் என்பது ராணுவ வீரர்கள் கழுத்தில் அணியும் அடையாள வில்லையைப் போன்ற சிறு உலோகத் தகடு. அதில் ஒரு குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். உரியவர் அதை ஒரு பொம்மையிலோ சாவிக்கொத்திலோ கோத்து, அது எந்த ஊரை அடைய வேண்டும் என்ற இலக்கையும் எழுதி ஒரு பெட்டியில் விடுகிறார். கண்டெடுப்பவர் குறியீட்டை இணையதளத்தில் பதிந்துவிட்டு, பொருளை வேறொரு பெட்டியில் சேர்க்கிறார். அது கடந்த தொலைவும் தங்கிய இடங்களும் உரியவரின் பார்வைக்கு வருகின்றன. 2013இல் அப்படி ஒன்று விண்வெளி வீரர் ரிக் மாஸ்ட்ராக்கியோவுடன் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே சென்றது. ஆனால் பூமியில் பல பயணங்கள் யாரோ ஒருவர் வீட்டில் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. விலை குறைந்த, தட்டிக்கேட்க யாருமில்லாத ஒரு பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்வது தவறா என்ற கேள்வி இங்கே எழுகிறது.

வைத்துக்கொள்பவர் பக்கமும் சில நியாயங்கள் சொல்லப்படுவதுண்டு. பொருளை முன்பின் அறியாதவர் கைக்கு விட்டவர் உரியவர்தான். அது தொலையலாம் என்பதும் அவருக்குத் தெரியும். மேலும், பெட்டியில் உள்ள ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடானதை வைக்க வேண்டும் என்பது விளையாட்டின் வழக்கம். புதிதாக வந்தவரோ சிறுவரோ பயணப் பொருளையும் அப்படிப்பட்ட மாற்றுப் பொருளாகவே எண்ணி எடுத்துச் செல்லக்கூடும். அறியாமல் எடுத்தவரைத் திருடர் என்பது நீதியாகாது.

எனினும் இந்த நியாயங்கள் அறியாமை நீங்கும்வரைதான் செல்லும். பயணப் பொருள் மாற்றுப் பொருளன்று. இதற்கு ஈடு வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எத்தனை கைகள் மாறினாலும் உரிமை உரியவரிடமே இருக்கிறது. அவர் அதைக் கைவிடவில்லை. அறிமுகமற்றவர்களை நம்பி ஒப்படைத்திருக்கிறார். எனவே தெரிந்தே எடுப்பவர் அதை அடைக்கலப் பொருளாகவே ஏற்கிறார். பொருளின் விலை குறைவு என்பதால் நம்பிக்கையின் மதிப்பு குறைந்துவிடாது. யாரும் பார்க்கவில்லை என்பதும் சமாதானமாகாது. பார்ப்பவர் இல்லாத இடத்திலும் நிலைத்து நிற்பதே நேர்மை.

தாமதமும் இதே அளவுகோலுக்கு உட்பட்டது. ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு மேல் வைத்திருக்க நேர்ந்தால் உரியவருக்குத் தெரிவிப்பது இந்த விளையாட்டில் மதிக்கப்படும் வழக்கம். நோயோ வேலைச்சுமையோ குறுக்கிடுவது இயல்பு. மௌனமாக இருப்பதுதான் பிழை. இலக்கின் திசையில் கொண்டுசெல்ல முடியாதவர் அதை எடுக்காமல், கண்டதாக மட்டும் பதியலாம். தவறுதலாக எடுத்துச் சென்றவர் நெடுநாள் கழித்தும் மீண்டும் ஒரு பெட்டியில் வைக்கலாம். அப்படித் திருப்பி வைப்பவரை உரியவர் கடிந்துகொள்ளாமல் வரவேற்பதே நல்லது. வசைக்கு அஞ்சுபவர் பொருளை மறைத்தே வைத்துவிடுவார்.

பொய்ப் பதிவு வேறு வகைத் தவறு. பொருளை நேரில் காணாமலே, வேறெங்கோ கிடைத்த குறியீட்டைக் கொண்டு கண்டதாகப் பதிபவரால் எவருக்கும் பண இழப்பு இல்லை. ஆனால் உரியவர் எதிர்பார்ப்பது உண்மையான பயணத்தின் செய்தியை. பொய் ஒன்று கலந்தால் மற்றப் பதிவுகளின் மீதும் ஐயம் விழும். குறியீடு தெரியும் புகைப்படத்தைப் பொதுவில் வெளியிடுவதும் அத்தகைய பொய்க்கு வழிவிடும். ஆகவே அதையும் தவிர்க்க வேண்டும்.

உரியவருக்கும் பொறுப்பு உண்டு. குடும்ப நினைவுப் பொருளை, இழந்தால் தாங்க முடியாததை, பயணத்துக்கு அனுப்புவது பிறர் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றுவதாகும். ஜியோகாயின் என்னும், குறியீடு பொறித்த விலை உயர்ந்த நாணய வடிவப் பயணப் பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு அதன் நகலை அனுப்புவோர் செய்வது விவேகமானது. இலக்கைத் தெளிவாக எழுதி, பொருளிலேயே ஒரு குறிப்பையும் இணைத்துவிட்டால் புதியவர் தடுமாற மாட்டார்.

ஆகவே தீர்ப்பு இதுதான்: அறியாமல் எடுப்பது மன்னிக்கத்தக்கது, அறிந்தபின் வைத்துக்கொள்வது நம்பிக்கைத் துரோகம். சட்டமோ காவலோ இல்லாமல், கண்டெடுப்பவர்களின் நாணயத்தை மட்டுமே நம்பி இந்த ஏற்பாடு இயங்குகிறது. கையில் ஒரு பயணப் பொருள் இருப்பவர் இன்றே அதைப் பதிந்து, அடுத்த பெட்டிக்குக் கொண்டுசேர்க்க வேண்டும்.