மீண்டு வந்தது எது?

ஞாயிறு இரவு எடுத்த பேக்கப்பும் அதன் பின் சேர்ந்த பரிவர்த்தனை லாக்கும் பத்திரமாக இருந்தால், டிஸ்க் பழுதாகிப் போன தரவுத்தளத்தை மீட்டுவிடலாம். பேக்கப்பை வேறொரு சர்வரில் இறக்கி, லாக்கிலுள்ள மாற்றங்களை எழுதிய வரிசையிலேயே மறுபடி நிகழ்த்தினால் பழைய நிலை திரும்பும். திரும்புவது பழைய தரவுத்தளமா, அதன் நகலா?

பழைய டிஸ்கின் துணுக்குகூட இதில் இல்லை. ஆனால் தரவுத்தளத்தின் உயிர் டிஸ்கில் இல்லை, லாக்கில் இருக்கிறது. மாற்றம் முதலில் லாக்கில் ஏற வேண்டும், அட்டவணைப் பக்கம் பிறகே டிஸ்குக்குப் போகலாம் என்பது அடிப்படை விதி. செயல்களின் வரிசைதான் மூலம்; அட்டவணை அதன் விளைவு. கர்மக் கோட்பாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சி. மோகனும் ஐ.பி.எம். சகாக்களும் 1992இல் வெளியிட்ட ஏரீஸ் என்ற மீட்பு முறை இன்னும் ஒருபடி மேலே போகிறது. திடீரென நின்றுபோன தரவுத்தளம் மறுபடி எழும்போது, அரைகுறையாக நின்ற பரிவர்த்தனைகள் உட்பட, நடந்த எல்லாவற்றையும் முதலில் அப்படியே நிகழ்த்துகிறது. அதன் பிறகே அரைகுறைகளைத் திருப்புகிறது. திருப்பியதையும் லாக்கில் புதுப் பதிவாக எழுதுகிறது. பேரேட்டில் பிழையைச் சுரண்டாமல் எதிர்ப்பதிவு போடும் கணக்குப்பிள்ளையின் வழி இது. பிராயச்சித்தமும் ஒரு வினையே. செய்த வினையை அது செய்யாததாக்குவதில்லை.

மறுபிறவி எடுப்பவர் அவரேதானா, வேறொருவரா என்று மன்னன் மிலிந்தன் கேட்டபோது, இரண்டும் இல்லை என்பதே பௌத்தத் துறவி நாகசேனரின் நிலைப்பாடு. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இந்த விடையை ஏறக்குறைய எண்களாகவே வைத்திருக்கிறது. லாக்கின் நடுவே ஒரு கணத்தில் நிறுத்தி மீட்ட தரவுத்தளத்தின் அடையாள எண் மாறுவதில்லை. காலக்கோட்டு எண் மட்டும் கூடுகிறது. எந்த இடத்தில் பாதை பிரிந்தது என்பதும் தனிக் கோப்பில் பதிவாகிறது. மறுபிறவிக்கு நாகசேனர் சொன்ன, விளக்கிலிருந்து விளக்கு ஏற்றும் உவமை எளிதில் காட்டாத சிக்கலும் இங்கேதான் வருகிறது: ஒரே பேக்கப்பிலிருந்து இரண்டு சர்வர்களை எழுப்பினால் இரண்டுக்கும் ஒரே கடந்த காலம். மூத்தது எது என்று கேட்பதில் பொருளில்லை.

செவ்வாய் மாலை வங்கி ஒன்றில் ஒருவர் தவறுதலாக அட்டவணையை அழித்துவிட்டார் என்றால், அதற்கு முந்தைய நொடிவரை மட்டுமே மீட்பார்கள். அந்த நொடிக்குப் பின் நடந்தவை பழைய காலக்கோட்டின் லாக்கில் கிடக்கும். புதிய தரவுத்தளத்தைப் பொறுத்தவரை அவை நடக்கவே இல்லை. ஆனால் அந்த இடைவெளியில் ஏடிஎம்மிலிருந்து வெளிவந்த பணம் யாரோ ஒருவர் சட்டைப்பையில் இருக்கிறது. அதைத் திருப்பும் பதிவு எந்த லாக்கிலும் இல்லை.